ஏழையின் நோயும் உலகத்தின் நீதியும்

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னர், மௌரியச் சக்கரவர்த்தியாகிய அசோகர் தம் ஆணைகளைக் கற்பாறைகளில் பொறிக்கச் செய்தபோது, இரண்டாவது பாறைச் சாசனத்தில், தம்முடைய இராஜ்யத்துக்குள் மட்டுமன்றி அதன் எல்லைக்கு அப்பாலும், சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் ஆண்ட தென்னாடுகளிலும், தாம்பிரபரணி வரையிலும், மேற்கே அந்தியோக்கன் என்னும் யவன அரசனுடைய நாட்டிலும், மனிதருக்கும் விலங்குகளுக்குமாக இருவகைச் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதாகவும், மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொண்டுசெல்லப்பட்டு நடப்பட்டிருப்பதாகவும் எழுதிவைத்தார். அந்நாடுகளின் மக்கள் அவருக்கு வரி செலுத்தியவர்கள் அல்லர். அவருடைய ஆணைக்கு உட்பட்டவர்களும் அல்லர். அப்படிப்பட்ட அயலாருக்கு மருந்து தருவது எதற்காக என்ற வினாவை அச்சாசனம் எழுப்பவில்லை. அவர்களில் யாருக்குத் தருவது இலாபம் என்று ஆராயவும் இல்லை.

இன்று அந்த ஆராய்ச்சி, ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் கூடும் சபைகளில் ஒரு தனி சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. கைவசமுள்ள திரவியமோ சொற்பம், நோயாளிகளோ கோடிக்கணக்கானவர்கள், ஆகையால் எந்த நோயாளிக்கு எந்த மருந்தைக் கொடுத்தால் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மிகுதியான ஆயுள் கிடைக்கும் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கில் தேறாதவர்களை விட்டுவிடுவதுதான் பொறுப்புள்ள அரசியல் என்று அறிவும் நல்லெண்ணமும் உடைய பலர் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். இது பொருளாதார நிபுணர்களுக்கு மட்டுமே உரிய விஷயம் என்று சமய வாழ்வில் ஈடுபட்டோரும் தத்துவ விசாரணையில் ஈடுபட்டோரும் ஒதுங்கி நிற்பது எனக்கு உடன்பாடன்று. நோயுற்ற ஏழைக்கு உலகம் செய்வது ஈகையா, அல்லது அவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பிக்கும் நீதியா என்ற பழைய தர்மக் கேள்வியே அதன் அடியில் கிடக்கிறது. ஈகையென்றால், எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பவை கொடுப்பவனுடைய மனத்தைப் பொறுத்தவை. நீதியென்றால், அவற்றை நிர்ணயிப்பது பெறுபவனுடைய தேவை. இக்கேள்வியை ஒரு நோயின் சரித்திரத்தில் வைத்துப் பார்ப்பது நலம் என்று கருதிக் காசநோயை எடுத்துக்கொள்கிறேன்.

ராபர்ட் காக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக பெர்லின் நகரில் அறிவித்தது 1882 மார்ச் 24-ஆம் தேதி. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐசோனியசிட் 1952-இல் வழக்கத்துக்கு வந்தது. நம் தாத்தாக்களின் காலத்திலேயே மருந்து அகப்பட்டுவிட்ட அந்த வியாதிக்கு, உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 8 லட்சம் பேர் ஆளானார்கள்; 12.5 லட்சம் பேர் மாண்டார்கள். நோய்கண்டவர்களில் 100-க்கு 26 பேர் இந்தியர்கள். மருந்து இல்லாத காலத்தில் நேர்ந்த மரணங்களை விதியென்று சொல்லியிருக்கலாம்; மருந்து கண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும் நேரும் மரணங்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

மருந்துகள் தோன்றுவதற்கு முன் காசநோயாளிக்கு விதிக்கப்பட்டிருந்த சிகிச்சை, தூய காற்றும் பூரண ஓய்வும் புஷ்டியான ஆகாரமும் கிடைக்கக்கூடிய சானடோரியத்தில் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் படுத்திருப்பதே. மருந்துகள் வந்த பின்னும் அந்த நம்பிக்கை மாறவில்லை. சானடோரியப் படுக்கையில் கிடந்தால்தான் மருந்தும் வேலை செய்யும் என்று மேல்நாட்டு வைத்தியர்கள் எண்ணினார்கள். இந்தியாவில் அன்று நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே இருந்தன. படுக்கை கிடைக்கும்வரை சிகிச்சை கிடையாது என்றால், பெரும்பாலோருக்குச் சாகும்வரை சிகிச்சை கிடையாது என்பதே அதன் பொருள். இந்த நிலையில்தான் 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை இராஜ்ய அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஒன்றுசேர்ந்து, சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார்.

அந்நிலையத்தார் முதலில் மேற்கொண்ட பரீட்சை, மருத்துவ சரித்திரத்தில் மட்டுமன்றித் தர்ம சரித்திரத்திலும் இடம்பெற வேண்டியது என்பது என் எண்ணம். நகரத்தின் ஏழை மக்களிலிருந்து வந்த 193 நோயாளிகளை, எவருடைய விருப்பு வெறுப்பும் கலவாதபடி குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறுபிரிவினரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்து, இரு சாராருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் மருந்துகளை ஓராண்டுக் காலம் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் தாதிகளின் பராமரிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ நெருக்கடியான குடிசைகளிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் வாழ்ந்து, குறைந்த ஆகாரத்தை உண்டு, உடம்பில் சிறிது தெம்பு வந்ததும் வேலைக்குப் போகவேண்டியவர்களாக இருந்தார்கள். 1959-இல் வெளியான முடிவைப் பார்த்தபோது, இரு பிரிவினரும் குணமடைந்த விகிதம் பெரும்பாலும் ஒத்திருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு ஒரே அறையில் படுத்துறங்கிய மனைவி மக்களுக்கு நோய் தொற்றுவதும் அதனால் அதிகரிக்கவில்லை என்று தெரிந்தது. தொற்று நேர்ந்ததெல்லாம் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. அதன் பின்னர், பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஏழையின் வீட்டில் சிகிச்சை பலிக்காது என்று அதற்கு முன் சொல்லிவந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஏழையின் வாழ்க்கையை அவனுடைய குறைகளின் கூட்டமாக மட்டுமே கண்டவர்கள். சென்னைப் பரீட்சை அந்தப் பார்வையைத் திருத்திற்று. ஆனால் மருந்துச் சீசாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டதனால் மட்டும் அந்த வெற்றி வந்துவிடவில்லை. சுகாதார ஊழியர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கு இடைவிடாமல் சென்றார்கள். முன்னறிவிப்பின்றிப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். விட்டவரைத் தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்துவந்தார்கள். மருத்துவத்தின் அங்கங்கள் இன்னவை என்று கூறப் புகுந்த வள்ளுவர், நோயாளி, வைத்தியன், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தாமல், உடனிருந்து மருந்தை இயற்றுகின்றவனையும் நான்காவதாக வைத்ததன் அருமை, இத்தகைய காரியங்களைக் காணும்போதுதான் விளங்குகிறது. நவீனத் திட்டங்கள் பல, முதல் மூன்றுக்கும் பணம் ஒதுக்கிவிட்டு நான்காமவனை மறந்தே தோல்வியடைந்திருக்கின்றன.

1978 செப்டம்பரில், அந்நாள் சோவியத் கஸகஸ்தானின் அல்மா ஆட்டா நகரில், 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, 2000-ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் ஆரோக்கியம் என்ற இலட்சியத்தைப் பிரகடனம் செய்தார்கள். அடுத்த ஆண்டே, அது செலவுக்குக் கட்டுப்படாத கனவு, ஆகவே சிக்கனமாகத் தடுக்கக்கூடிய சில நோய்களை மட்டும் தேர்ந்தெடுப்போம் என்ற குரல் மேல்நாட்டு நிபுணர்களிடையே எழுந்தது. 1993-இல் உலக வங்கியின் ஆண்டறிக்கை, நோயாலும் அகால மரணத்தாலும் இழக்கப்படும் ஆயுளை ஆண்டுகளாகக் கணித்து, ஓர் ஆண்டைக் காப்பாற்ற ஆகும் செலவைக் கொண்டு சிகிச்சைகளை வரிசைப்படுத்தும் முறையைப் பரப்பியது. அம்முறையின் முதல் வடிவத்தில், வாலிபப் பருவத்தின் ஓர் ஆண்டுக்குக் குழந்தையின் ஓர் ஆண்டையும் கிழவியின் ஓர் ஆண்டையும்விட அதிக மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அந்த ஏற்றத்தாழ்வு கைவிடப்பட்டது. மதிப்பில் ஏற்றத்தாழ்வு கற்பித்தவர்களும் அதை எடுத்தவர்களும் ஒரே கணக்கறிஞர் கூட்டத்தார்தாம் என்பதிலிருந்து, எண்களுக்குள் ஏற்கனவே ஒரு தர்மமோ அதர்மமோ புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம்.

கணக்கை நான் பழிக்கவில்லை. சிறியதொரு நாட்டின் சுகாதார மந்திரியாக இருந்து, ஆண்டுக்குத் தலா சில டாலரை வைத்துக்கொண்டு, பிரசவத்தில் இறக்கும் தாய்மாரையும் பேதியில் இறக்கும் குழந்தைகளையும் நினைத்துப் பார்ப்பவர், தேர்ந்தெடுத்தே தீரவேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 1993-இல் காசநோயை உலக நெருக்கடி என்று அறிவித்து, ஊழியரின் கண்முன் மருந்தை உண்ணச்செய்யும் டாட்ஸ் முறையை உலகெங்கும் பரப்பியதில், இந்தச் சிக்கனக் கணக்குக்கும் பெரும்பங்கு உண்டு. அதனால் பிழைத்த உயிர்கள் அநேகம். எனினும் கணக்கு தொடங்கும் இடத்தில், இந்த மருந்து ஏன் இந்த விலை விற்கிறது, இந்த நாட்டின் கையில் ஏன் இவ்வளவே இருக்கிறது என்ற கேள்விகளைக் கேளாமல், அவ்விரண்டையும் மலையையும் கடலையும் போல இயற்கையின் நியதியாக ஏற்றுக்கொண்டுவிட்டால், அதன் பிறகு எவ்வளவு நேர்மையாகக் கூட்டிக் கழித்தாலும் வரும் விடை அநீதியாகவே இருக்கும். இதற்குப் பெரு நாட்டில் நடந்ததைச் சான்றாகக் காட்டுவேன்.

தென் அமெரிக்காவில், பெருவின் தலைநகராகிய லிமாவின் வடபுறத்தில், வறண்ட மணற்குன்றுகளின்மேல் அமைந்த காராபாய்யோ என்னும் ஏழை மக்கள் குடியிருப்பில், 1990-களின் நடுவில், வழக்கமான காசநோய் மருந்துகளுக்கு மசியாத ஒருவகைக் காசம் பரவியிருப்பது தெரியவந்தது. பெருவின் காசநோய்த் திட்டம் உலகுக்கே முன்மாதிரி என்று புகழப்பட்டு வந்த காலம் அது. ஐசோனியசிட், ரிபாம்பிசின் ஆகிய இரண்டு முக்கிய மருந்துகளையும் வென்றுவிட்ட கிருமியைச் சுமந்த நோயாளிக்கு, விதிமுறைப் புத்தகத்தின்படி அதே மருந்துகள் மீண்டும் மீண்டும் கொடுக்கப்பட்டன. நோயாளி தேய்ந்தார், கிருமியோ மேலும் உரம் பெற்றது. வேறு மருந்துகள் உண்டு; அமெரிக்காவில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் அவற்றைத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நோயாளிக்கு 15,000 டாலருக்கு மேலும் ஆகும் என்பதனால், ஏழை நாடுகளில் அந்தச் சிகிச்சை செலவுக்குத் தக்க பலன் தராது என்பதே அக்காலத்து நிபுணர்களின் பொதுவான அபிப்பிராயம்.

அமெரிக்க வைத்தியர்களாகிய பால் பார்மரும் ஜிம் யோங் கிம்மும், பெரு நாட்டு வைத்தியரான ஹைமே பயோனாவும் இந்த அபிப்பிராயத்துக்குப் பணிய மறுத்து, 1996-இல் அக்குன்றுகளிலேயே சிகிச்சையைத் தொடங்கினார்கள். அது எளிய சிகிச்சையன்று; ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீள்வது; ஊசியும் வாந்தியும் மனக்கலக்கமும் நிறைந்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த பெண்களும் இளைஞர்களும் பயிற்சி பெற்று, நாள்தோறும் குன்றேறிச் சென்று மருந்து கொடுத்தார்கள்; உணவில்லாத வீட்டுக்கு உணவும், கூரையில்லாத வீட்டுக்குக் கூரையும் சிகிச்சையின் பகுதியாகவே சேர்க்கப்பட்டன. 2003-இல் வெளியிடப்பட்ட முதல் 75 பேரின் வரலாற்றில், நான்கு மாதமாவது சிகிச்சை பெற்ற 66 பேரில் 55 பேர் குணமடைந்ததாகக் கொள்ளப்பட்டது. அதாவது 100-க்கு 83 பேர். செல்வ நாடுகளின் பெரிய ஆஸ்பத்திரிகளும் பெருமைப்படத்தக்க பலன் இது.

இதைவிட முக்கியமானது விலையின் கதை. அம்மருந்துகளிற் பல மிகப் பழையவை. அவற்றின் காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துபோயிருந்தது. பின்பு ஏன் அந்த விலை? ஏழைகளுக்குச் சிகிச்சை இல்லை என்று முடிவு செய்திருந்ததால் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாததால் செய்வோர் ஓரிருவரே. செய்வோர் ஓரிருவரானபடியால் விலை வானளாவியது. விலை வானளாவியதால் ஏழைகளுக்குச் சிகிச்சை இல்லை! இந்த வட்டத்தை உடைப்பதற்காக 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் ஒரு குழு அமைக்கப்பட்டு, பல நாடுகளின் தேவைகளை ஒன்றுசேர்த்து மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது, சில மருந்துகளின் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழாக இறங்கியது. நிபுணர்களின் கணக்கில் தவறு இல்லை. அவர்கள் கணக்கில் வைத்த விலைதான் தவறு. அந்த விலை சரியா என்று கேட்கத் துணிந்தவர்கள் கேட்பதற்கு முன்னால், எத்தனையோ பேர் அந்தக் கணக்கின்படியே இறந்துபோனார்கள்.

மனிதர் செய்த பற்றாக்குறையை இயற்கையின் பற்றாக்குறையாகக் காட்டும் இந்த மயக்கம், நம் நாட்டில் பிறந்தவர்களுக்குப் புதியதன்று. பூர்வ ஜன்ம கர்மத்தின் பலனாகத்தான் ஒருவன் நோயையும் வறுமையையும் அனுபவிக்கிறான், அதில் பிறர் தலையிட என்ன இருக்கிறது என்று பேசுவோர் நம்மிடையே எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். கர்மக் கொள்கை, துன்புறுகிறவன் தன் துன்பத்தைத் தாங்குவதற்கும் தன்னைத் திருத்திக்கொள்வதற்கும் துணையாகலாம். பார்த்து நிற்கிறவன் கைகட்டி நிற்பதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் தம் நூலில் இந்த ஆட்சேபத்தைத் தாமே எடுத்துக்கொண்டு விடை கூறுகிறார். கொடிய குற்றம் செய்தவனைச் சிறையிலிட்ட அரசனும், அவனுக்கு ஆகாரம் கொடுக்கும்படி தன் சேவகர்களுக்குக் கட்டளையிடுகிறான் அல்லவா. அவ்வாறிருக்க, துன்புறும் ஜீவனுக்கு உதவுவது கடவுளின் ஆணைக்கு விரோதமாவது எப்படி என்பது அவர் வாதத்தின் சாரம். அதைவிட ஆழமானது, இரக்கம் எதிலிருந்து பிறக்கிறது என்பதற்கு அவர் காட்டும் காரணம். ஜீவர்கள் எல்லோரும் ஒரே இறைவனால் படைக்கப்பட்டவர்களாகையால் ஓருரிமையுள்ள சகோதரர்கள். சகோதரன் துன்பப்படக் கண்டால் உருக்கம் தோன்றுவது அந்த உரிமையினால்தான் என்கிறார். இரக்கத்துக்கே அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டபின், அதை மேலிருப்பவன் கீழிருப்பவனுக்கு இடும் பிச்சையாகக் கருத இடமேது?

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதே லிமா நகரத்துக் கத்தோலிக்கப் பாதிரியாராகிய குஸ்தாவோ குத்தியேரஸ், ஏழைகளின் பக்கம் நிற்பது இறைவன் தானே செய்திருக்கும் தேர்வு என்றும், வறுமை என்பது விதியின் விளைவன்று, மனிதர் அமைத்த ஏற்பாடுகளின் விளைவு என்றும் போதித்து, விடுதலை இறையியல் என்னும் சிந்தனை மரபைத் தொடங்கிவைத்தார். பால் பார்மர் தம் வைத்தியத் தொண்டுக்கு வேராகக் கூறியது இந்தப் போதனையைத்தான். தம்முள் ஒரு தொடர்பும் இல்லாத வடலூரும் லிமாவும், வெவ்வேறு சாஸ்திரங்களின் வழியே ஒரே முடிவுக்கு வந்தது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

பழைய கர்மவாதத்துக்கு நவீன உலகில் வேறு பெயர்கள் உண்டு. நோயாளி ஒழுங்காக மருந்து உண்ணமாட்டான், அவனுக்குக் கல்வியறிவு போதாது என்பன போன்ற வார்த்தைகளில் அது மறைந்து வாழ்கிறது. எய்ட்ஸ் நோய்க்குரிய மருந்துகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதா என்ற விவாதம் நடந்த 2001-இல், அமெரிக்க உதவி ஸ்தாபனத்தின் தலைவரே, ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் பழக்கமில்லாததால் வேளை தவறாமல் மருந்து உண்ண மாட்டார்கள் என்ற கருத்தைச் சொன்னார். ஐந்தாண்டுகள் கழித்து, இரு கண்டங்களிலும் நடந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒழுங்காக மருந்து உண்டவர்கள் வட அமெரிக்காவில் 100-க்கு 55 பேர் என்றும், ஆப்பிரிக்காவில் 77 பேர் என்றும் தெரியவந்தது.

சென்னைப் பரீட்சைக்கு மீண்டும் வருகிறேன். ஏனெனில் ஏழைகளுக்கு விடுதலை தந்த அந்த உண்மையே, வேறொரு விதத்தில் அவர்களுக்கு எதிராகவும் திரும்பியது. நல்ல மருந்து இருந்தால் குறைந்த ஆகாரம் உண்பவனும் குணமடைவான் என்று அந்நிலையத்தார் கண்டது மெய். அதிலிருந்து, ஆகாரத்தைப்பற்றிக் காசநோய்த் திட்டம் கவலைப்பட வேண்டியதில்லை என்று பின்வந்த ஆட்சியாளர்கள் முடிவு கட்டிக்கொண்டார்கள். பசித்தவனுக்கு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது அரை நூற்றாண்டுக்கு மேல் சம்பிரதாயமாகிவிட்டது. அந்தச் சென்னை நிலையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொள்ள, டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய பரீட்சையின் முடிவு 2023-இல் வெளிவந்தது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் ஒரு பாதியில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள். மறுபாதியில் குடும்பத்தார் அனைவருக்குமே அரிசி, பருப்பு முதலியன. குடும்பம் முழுவதும் உண்ட வீடுகளில், புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 100-க்கு 39 பங்கு குறைந்தது. ஒரு தடுப்பூசிக்கு இந்தப் பலன் கிட்டியிருந்தால் உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் முதற்பக்கத்தில் கொண்டாடியிருக்கும். இந்திய அரசாங்கம் 2018 முதல் காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. பருப்பு விற்கும் விலையில் அது ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பதை எந்த இல்லத்தரசியும் சொல்லுவாள்.

மருந்து விலையின் கதையும் காராபாய்யோவோடு முடிந்துவிடவில்லை. மருந்துக்கு மசியாத காசத்துக்குப் பயன்படும் பெடாகுவிலின் 2012-இல் அங்கீகாரம் பெற்றது. அதை உருவாக்கும் ஆராய்ச்சியில் கம்பெனியின் பணத்தோடு பல நாடுகளின் பொதுப்பணமும் செலவாகியிருந்தது. அதன் மூலக் காப்புரிமை முடிவதற்குள், மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை கேட்டு அக்கம்பெனி இந்தியாவில் விண்ணப்பித்தபோது, மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பூமேசா திசிலேவும் அதை எதிர்த்து நின்றார்கள். இருவரும் காசநோயிலிருந்து பிழைத்தெழுந்தவர்கள். பழைய ஊசிமருந்தின் கேட்டினால் செவிப்புலனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவ்வாண்டு ஜூலையில் மூலக் காப்புரிமையும் முடிந்து, இந்தியக் கம்பெனிகளும் அதைத் தயாரிக்கத் தொடங்க, ஆகஸ்டு மாதத்தில் சர்வதேசக் கொள்முதல் விலை ஆறு மாதச் சிகிச்சைக்கு 130 டாலராகக் குறைந்தது. நாங்கள் பட்டது பிறர் படக்கூடாது என்று வாதாடிய அவ்விரு பெண்களும் உலக சுகாதாரக் கொள்கைக்குச் செய்த உபகாரம், பல மாநாடுகளின் தீர்மானங்களைவிடப் பெரிது.

ஈகையை நம்பி வாழ்வதன் அபாயமும் அண்மையில் எல்லோரும் காண வெளிப்பட்டது. 2025 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி இட்ட ஓர் ஆணையால் அந்நாட்டின் அயல்நாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டபோது, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரிசோதனைச் சாலைகளும் மருந்து விநியோகமும் ஊழியர் சம்பளமும் சில நாட்களுக்குள் தடைப்பட்டன. பல பத்தாண்டுகளாக அந்நாட்டு மக்கள் கொடுத்துவந்த கொடை பெரிது. அதற்கு நன்றி மறத்தல் தகாது. ஆயினும் நாள்தோறும் உண்ணவேண்டிய மருந்து, கடல் கடந்த ஒரு தேர்தலின் முடிவைப் பொறுத்து இருப்பதோ நிற்பதோ ஆகுமானால், அந்த ஏற்பாட்டைத் தர்மம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. நோயாளிக்குச் சேரவேண்டியது அவனுடைய நாட்டின் சட்டத்திலும் வரவு செலவுத் திட்டத்திலும் நிலைபெற வேண்டும். புதிய மருந்துகளுக்கான ஆராய்ச்சிச் செலவை உலக நாடுகள் தத்தம் சக்திக்கேற்பப் பொதுவில் ஏற்று, பிறக்கும் மருந்து எவரும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதில் இந்தியாவின் கையில் ஒரு கருவி இருக்கிறது. மக்களுக்கு எட்டாத விலையில் விற்கப்படும் மருந்தை, காப்புரிமை பெற்றவர் சம்மதிக்காவிட்டாலும் பிறர் செய்து விற்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் நம் சட்டத்தில் உண்டு. 2012 மார்ச்சில் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அவ்வுரிமம் வழங்கப்பட்டபோது, மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாயாக இருந்த விலை 8,800 ரூபாயாக இறங்கியது. அதற்குப் பின் இன்னொரு மருந்துக்கு அவ்வுரிமம் வழங்கப்படவில்லை. ஏன் வழங்கப்படவில்லை என்று வாசகர்கள் தங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்க வேண்டும். விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.